கால்பந்து ஆட்டக்காரரின் விலை எப்படி அமைகிறது? ஒரு கிளப்பின் அணிப்பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

2025 கோடையில் டிரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் லிவர்பூலை விட்டு ரியல் மாட்ரிடுக்குப் போனார். அப்போது அவருக்கு 26 வயது. ஆறு வயதில் லிவர்பூல் அகாடமியில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்து, ஒரு சாம்பியன்ஸ் லீக்கும் இரண்டு பிரீமியர் லீக் பட்டங்களும் வென்றவர். அவருக்காக லிவர்பூலுக்குக் கிடைத்தது சுமார் 1 கோடி யூரோ. அதே கோடையில் லெவர்குசனின் 22 வயது ஃப்ளோரியன் விர்ட்ஸை வாங்க லிவர்பூல் 10 கோடி பவுண்டு கொடுத்தது. போனஸ்கள் எல்லாம் சேர்ந்தால் அது 11.6 கோடி வரை போகும்.

புதிதாகக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களை இந்த இரண்டு தொகைகளும் குழப்பும். விர்ட்ஸ் அருமையான ஆட்டக்காரர்தான். அதற்காக டிரென்ட்டைவிடப் பத்து மடங்கு பெரியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் காலில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. லிவர்பூலுடன் டிரென்ட் போட்டிருந்த ஒப்பந்தம் 2025 ஜூன் 30-ஆம் தேதி முடிய இருந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் மாட்ரிடுக்கு அவர் இலவசமாகவே கிடைத்திருப்பார். ஜூன் நடுவில் தொடங்கிய கிளப் உலகக் கோப்பையில் அவரை இறக்க வேண்டும் என்ற அவசரம் இருந்ததால்தான் அந்த ஒரு கோடி யூரோவும் வந்தது.

ஒரு அணியின் மதிப்பை எடைபோடுவதற்கு முதல் பாடம் இதுதான்: கிளப்புக்குச் சொந்தமாக இருப்பது ஆட்டக்காரர் அல்ல, அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலம். நிலக் குத்தகை போல, காலம் குறையக் குறைய அதை விற்றால் கிடைக்கும் பணமும் குறையும்.

போஸ்மன் வழக்கு

இப்போது இயல்பாகத் தெரியும் இந்த விதி 30 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இப்படி இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் புதிய கிளப் பணம் கொடுத்தால்தான் பழைய கிளப் ஆளை விடும். பெல்ஜியத்தின் லியெஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. சம்பளத்தை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைத்து மறு ஒப்பந்தம் நீட்டினார்கள். அவர் பிரான்ஸின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். பண விவகாரத்தில் அது நின்றுபோனது. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு இலவசமாகப் போகலாம்.

இன்று ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் ஒவ்வொரு நட்சத்திரமும் அந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறார். அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கையோ அந்த வழக்கிலேயே கரைந்துபோனது. கால்பந்தின் பணக் கணக்கைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் முடியும் தேதியை முதலில் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கோல், அசிஸ்ட் எல்லாம் பிறகு. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒப்பந்தம் எந்த ஆண்டு ஜூனில் முடிகிறது என்று எழுதுங்கள்.

மூன்று ஆண்டோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் கிளப்பின் கை ஓங்கியிருக்கும். நியூகாசிலின் அலெக்ஸாண்டர் ஈசக் 2025 கோடையில் லிவர்பூலுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றார், ஆட மறுத்தார். அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் மிச்சமிருந்தது. அதனால் நியூகாசில் பதறவில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்பட்ட டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள்வரை இழுத்து, 12.5 கோடி பவுண்டு வாங்கிக்கொண்டே விட்டது. பிரிட்டிஷ் கிளப் ஒன்று அதுவரை கொடுத்ததிலேயே அதிகத் தொகை அது.

இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் கட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும். ஒன்று நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். அதே கோடையில் லிவர்பூல் 28 வயது லூயிஸ் டியாஸை பயர்ன் மியூனிக்குக்குச் சுமார் 6.55 கோடி பவுண்டுக்கு விற்றது. அவருடைய ஒப்பந்தம் 2027 வரை இருந்தது. இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் அவருக்கு வயது 29 ஆகியிருக்கும், ஒப்பந்தம் ஓராண்டாகச் சுருங்கியிருக்கும். இரண்டும் விலையைக் கீழே இழுக்கும்.

ஓராண்டுதான் மிச்சம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு கிறிஸ்டல் பேலஸ் கிளப்பைப் பார்க்கலாம். 2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி அது. அவர்கள் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. அந்தப் போட்டியின் ஒரே கோலை அடித்தவர் எபெரெச்சி எஸே, கேப்டன் மார்க் குவேஹி. எஸேவுக்கு இரண்டு ஆண்டு மிச்சமிருந்தது. ஆகஸ்டில் ஆர்சனல் அவருக்காக 6 கோடி பவுண்டு கொடுத்தது, போனஸ் தனி. குவேஹிக்கு ஓராண்டுதான். கடைசி நாளில் லிவர்பூல் 3.5 கோடி பவுண்டு தரத் தயாராக இருந்தது. அவர் இடத்துக்குச் சரியான மாற்று ஆள் கிடைக்காததால் பேலஸ் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. 2026 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சுமார் 2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நாலரை மாதத்தில் ஒன்றரைக் கோடி போனது. குவேஹியின் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. காலண்டர் மட்டும்தான் நகர்ந்தது.

ஏன் ஜனவரி? ஒப்பந்தத்தில் ஆறு மாதம் மட்டும் மிச்சமிருக்கும்போது வெளிநாட்டுக் கிளப்புகள் ஆட்டக்காரரிடம் நேரடியாகப் பேசி அடுத்த பருவத்துக்குக் கையெழுத்து வாங்கலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. ஜனவரி 1 வந்தாலே கிளப்பின் பேரம் பேசும் பலம் முக்கால்வாசி போய்விடும்.

இத்துடன் விடுவிப்புத் தொகை என்ற ஒன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் குறித்த தொகையை யார் கட்டினாலும் கிளப் தடுக்க முடியாது. ஸ்பெயினில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களில் இது வழக்கம். 2017-இல் நெய்மருக்குக் குறித்திருந்த 22.2 கோடி யூரோவை யாரும் கட்ட மாட்டார்கள் என்று பார்சிலோனா நம்பியது. பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கிளப் கட்டிவிட்டது. மறுபக்கம் டார்ட்மண்டில் எர்லிங் ஹாலண்டுக்குக் குறித்திருந்த தொகை வெறும் 6 கோடி யூரோ. 2022-இல் அதைக் கட்டி அழைத்துப்போன மான்செஸ்டர் சிட்டிக்கு முதல் லீக் பருவத்திலேயே 36 கோல் கிடைத்தது. சந்தை மதிப்பு என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், இப்படி ஒரு விதி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் ஆட்டக்காரர்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மெதுவாகப் போவோம்.

ஒரு கிளப் ஆட்டக்காரரை வாங்கும்போது கொடுக்கும் தொகை, வாங்கிய ஆண்டின் செலவாக மொத்தமாக எழுதப்படுவதில்லை. ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனை பாகமாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாகம் செலவில் ஏறும். இதைத்தான் தேய்மானம் என்கிறார்கள். இன்னும் செலவில் ஏறாமல் இருக்கும் பாகம்தான் அவருடைய கணக்குப் புத்தக மதிப்பு. விற்கும்போது கிடைத்த தொகையில் இதைக் கழித்தால் வருவதுதான் லாபம்.

டியாஸையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் போர்ட்டோவிடமிருந்து சுமார் 3.75 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டார். போனஸ்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒப்பந்தம் 2027 ஜூன் வரை, அதாவது ஐந்தரை ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 68 லட்சம் பவுண்டு செலவில் ஏறும். 2025 கோடைக்குள் மூன்றரை ஆண்டு போயிருக்கிறது, சுமார் 2.4 கோடி கழிந்திருக்கும். மிச்சம் 1.35 கோடி. விற்றது 6.55 கோடி. ஆக, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே 2.8 கோடிதான் வித்தியாசம் என்றாலும், கணக்குப் புத்தகத்தில் அந்த ஆண்டு 5 கோடிக்கு மேல் லாபம் ஏறும். இடைப்பட்ட ஆண்டுகளில் தேய்மானம் ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டுவிட்டதே காரணம்.

இந்தக் கணக்கைச் செல்சி ஒரு எல்லைக்குத் தள்ளியது. 2023 ஜனவரி கடைசி நாளில் பென்ஃபிகாவிடமிருந்து என்ஸோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டு ஒப்பந்தமாக இருந்திருந்தால் ஆண்டுக்குச் செலவு 2.1 கோடிக்கு மேல். எட்டரை ஆண்டாகப் பரப்பியதால் அது 1.26 கோடிக்கு இறங்கியது. இப்படியே அடுத்தடுத்துப் பலரை வாங்கினார்கள். 2023 கோடையில் ஐரோப்பியக் கூட்டமைப்பு யூஃபா, ஒப்பந்தம் எவ்வளவு நீளமானாலும் செலவை ஐந்து ஆண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகளும் வாக்களித்து அதையே ஏற்றன. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது.

நீண்ட ஒப்பந்தத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆள் சரியாக ஆடாவிட்டால், புத்தக மதிப்பு மெல்லத்தான் குறையும். அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். வாங்க வருபவரோ அந்தச் சம்பளத்தைப் பார்த்து ஓடுவார். எட்டு ஆண்டு ஒப்பந்தத்தைக் கிளப்பின் பலம் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

அகாடமிப் பிள்ளைகளும் கணக்கின் கொடுமையும்

கிளப்பிலேயே வளர்ந்த ஆட்டக்காரருக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. புத்தக மதிப்பு பூஜ்யம். அவரை 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் லாபம். நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் விதிகள் வந்த பிறகு இந்தப் பிள்ளைகள்தான் முதலில் விற்கப்படுகிறார்கள்.

2025-26 பருவம் வரையிலான பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரைதான் நஷ்டம் காட்டலாம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனிலிருந்து வந்த அணி என்பதால் அதற்கு வரம்பு 6.1 கோடி. கணக்கு முடியும் நாள் 2023 ஜூன் 30. அகாடமியில் சிறுவயது முதல் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை அதற்குள் விற்றிருந்தால் வரம்பைத் தாண்டியிருக்காது, அல்லது அருகிலாவது வந்திருக்கும். நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்து, செப்டம்பர் 1-இல் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். காத்திருந்ததால் கூடுதல் பணம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழுந்தது. வரம்பை 3.45 கோடி தாண்டியதற்காக 2024 மார்ச்சில் ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளிகள் வெட்டப்பட்டன. எவர்டனுக்கும் அதே பருவத்தில் இரண்டு முறை வெட்டு விழுந்தது.

சொந்த ஊர்ப் பையனை வளர்த்து, அவன் முதல் அணிக்கு வரும்போது ஊரே கொண்டாடி, பிறகு கணக்கு முடியும் தேதிக்காக அவனை விற்பது எனக்கு ஏற்க முடியாத ஒன்று. செல்சியில் மேசன் மவுன்ட், கானர் கலாகர் என்று அடுத்தடுத்துப் போனார்கள். அணியை எடைபோடும்போது விற்று வரும் லாபத்தை மட்டும் பார்த்தால் இவர்களைப் போன்றவர்களை விற்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் பிரீமியர் லீக் 25 பேர் பட்டியலில் குறைந்தது எட்டு இடம் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு என்று இருக்கிறது. விற்ற ஒவ்வொருவர் இடத்துக்கும் இன்னொருவரை விலைகொடுத்து வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து எழுதினால்தான் அது நேர்மையான கணக்கு. பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்து, 2026-27 பருவத்திலிருந்து வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் அணிக்குச் செலவழிக்கலாம் என்ற முறைக்கு மாற முடிவு செய்தன. அகாடமி விற்பனையின் கவர்ச்சி அதனால் குறைந்தால் நல்லது.

சம்பளம்

செய்திகளில் டிரான்ஸ்ஃபர் தொகைதான் பெரிதாக வரும். பெரும்பாலான கிளப்புகளை மூழ்கடிப்பது சம்பளம்.

2018 ஜனவரியில் அலெக்ஸிஸ் சான்செஸ் ஆர்சனலிலிருந்து மான்செஸ்டர் யுனைட்டடுக்கு வந்தார். டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை, பதிலுக்கு ஹென்ரிக் மிகிடாரியனைக் கொடுத்தார்கள். பார்த்தால் மலிவான பேரம். ஆனால் வெளியான தகவல்களின்படி வாரச் சம்பளம் 3.5 லட்சம் பவுண்டுக்கும் மேல், ஒப்பந்தம் நாலரை ஆண்டு. வாரம் 3.5 லட்சம் என்றே வைத்துப் பெருக்கினாலும் 8 கோடி பவுண்டுக்கு மேல் வரும். அவர் ஆடியது 45 போட்டி, அடித்தது 5 கோல். கடைசியில் 2020-இல் இன்டர் மிலானுக்கு இலவசமாக விட்டார்கள். ஒரு கிளப் இவ்வளவு சம்பளத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்தால் மற்ற ஆட்டக்காரர்களின் ஏஜென்ட்டுகளும் மறுநாளே கதவைத் தட்டுவார்கள். அந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் வராது.

பார்சிலோனாவின் கதை இன்னும் பெரியது. 2021 ஆகஸ்டில் தலைவர் ஜோன் லபோர்டா கணக்கை வெளியே வைத்தபோது, சம்பளம் கிளப் வருமானத்தில் 103 சதவீதம் என்றார். சம்பாதிப்பது முழுவதையும் கொடுத்தாலும் போதாது. ஸ்பெயின் லீகான லா லீகாவின் சம்பள வரம்புக்குள் வர முடியாததால், மெஸ்ஸி இருக்க விரும்பியும் அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குச் சில ஆண்டு முன்புதான் லிவர்பூலிடமிருந்து பிலிப் குட்டினியோவை வாங்கியிருந்தார்கள். போனஸ் உட்பட ஒப்பந்தம் 16 கோடி யூரோ வரை போகக்கூடியது. 2020-இல் பயர்ன் மியூனிக் பார்சிலோனாவை 8-2 என்று நொறுக்கியபோது, பார்சிலோனா பயர்னுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுத்திருந்த குட்டினியோ இரண்டு கோல் அடித்தார். 2022-இல் ஆஸ்டன் வில்லாவுக்கு அவரை விற்றபோது கிடைத்தது சுமார் 2 கோடி யூரோ.

ஆகவே எந்த ஆட்டக்காரரையும் மதிப்பிடும்போது இரண்டையும் கூட்டுங்கள்: டிரான்ஸ்ஃபர் தொகையின் ஆண்டுப் பங்கு, ஆண்டுச் சம்பளம். இந்தக் கூட்டுத்தொகைதான் அவர் கிளப்புக்கு ஓர் ஆண்டுக்கு வைக்கும் செலவு. யூஃபாவும் இதைத்தான் பார்க்கிறது. சம்பளம், டிரான்ஸ்ஃபர் தேய்மானம், ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் இப்போதைய வரம்பு.

வயது

கோல்கீப்பர் அல்லாத ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாக 24 முதல் 28 வரை உச்சம். வேகத்தை நம்பும் விங்கருக்கு அது சீக்கிரம் முடியும். கோல்கீப்பருக்கும் நடு டிஃபெண்டருக்கும் இன்னும் நீளும். 2022 கோடையில் ரியல் மாட்ரிட் 22 வயது மிட்ஃபீல்டர் ஒரேலியன் சுவாமெனியை 8 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டு, அதே இடத்தில் ஆடிய 30 வயது கசெமிரோவை யுனைட்டடுக்கு 6 கோடி பவுண்டுக்கு விற்றது. அப்போது கசெமிரோ ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்ற ஆள். மாட்ரிட் அவருடைய கடைசி நல்ல விலையை வாங்கிக்கொண்டது. யுனைட்டட் நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. திரும்ப விற்கும் வாய்ப்பு வாங்கிய நாளிலேயே முடிந்துபோனது.

அப்படியானால் 30 தாண்டியவர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிப்பதே தவறா? டிரென்ட்டுடன் அதே ஜூன் 30-இல் ஒப்பந்தம் முடிய இருந்த இன்னும் இருவர் லிவர்பூலில் இருந்தார்கள்: 32 வயது முகமது சலா, 33 வயது விர்ஜில் வான் டைக். 2025 ஏப்ரலில் இருவருக்கும் தலா இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். இருவரையும் விற்றுப் பணம் பார்க்கும் வாய்ப்பு பெரிதாக இல்லை. ஆனால் சலா அந்த லீக் பருவத்தில் 29 கோல் அடித்து, 18 கோலுக்கு வழிசெய்தார். 38 போட்டிப் பருவத்தில் அதுவரை யாரும் 47 கோல்களில் பங்கு பெற்றதில்லை. அவருக்குப் பதில் ஒருவரை வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். 10 கோடி கொடுத்தாலும் அந்த எண்ணிக்கை வரும் என்று உறுதி இல்லை. இத்தகைய ஆட்டக்காரருக்கு விற்பனை மதிப்பு ஒரு அளவுகோலே அல்ல. அவரை மாற்ற ஆகும் செலவுதான் அளவுகோல். நீட்டிப்பு இரண்டே ஆண்டு என்பதையும் கவனியுங்கள். அந்த வயதில் நான்கு ஆண்டு கொடுத்திருந்தால் இதே முடிவு தவறாகியிருக்கும்.

நீங்களே ஒரு அட்டவணை போட

பெயர், வயது, இடம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு, வாங்கிய தொகை, சம்பள மதிப்பீடு என்று பத்திகள் போதும். ஒப்பந்தத் தேதியும் வாங்கிய தொகையும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் கிடைக்கும். அங்கே போட்டிருக்கும் சந்தை மதிப்பு உறுப்பினர்கள் விவாதித்து வைக்கும் மதிப்பீடு. யாரும் கொடுத்த விலை அல்ல. இங்கிலாந்தில் தனித்தனி ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கிளப்புகள் வெளியிடுவதில்லை, இணையத்தில் உலவுவது ஊகம். அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீகில் ஆட்டக்காரர் சங்கமே எல்லோருடைய சம்பளத்தையும் வெளியிடுகிறது. கற்றுக்கொள்ள அது நல்ல இடம். ஆனால் இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒவ்வொன்றும் ஆண்டுக் கணக்கை அரசின் நிறுவனப் பதிவகத்தில் தாக்கல் செய்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். மொத்தச் சம்பளம், மொத்தத் தேய்மானம், வருமானம் மூன்றும் அதில் இருக்கும். உங்கள் ஊகங்களைக் கூட்டினால் அந்த மொத்தத்துக்கு அருகில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

அட்டவணை முடிந்ததும் ஒரே ஆண்டில் எத்தனை ஒப்பந்தங்கள் முடிகின்றன என்று எண்ணுங்கள். முதல் பதினொருவரில் மூன்று பேருக்கு ஒரே ஜூனில் முடிகிறது என்றால், அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கிளப் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லிவர்பூல் ரசிகர்கள் 2024-25 முழுவதும் கேட்டது இதைத்தான். மூவரில் இருவர் தங்கினார்கள், லீக் பட்டமும் வந்தது. டிரென்ட் ஆடிய ரைட் பேக் இடத்துக்கு லெவர்குசனின் ஜெரமி ஃபிரிம்பாங்கை அவருடைய விடுவிப்புத் தொகையைக் கட்டி வாங்கினார்கள். அது சுமார் 3 கோடி பவுண்டு.